அணைப்பும் அபராதமும்

அறுப்பு முடிந்த வயலிலோ ஆற்று மணலிலோ சடுகுடு ஆடும் தஞ்சாவூர்ப் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள்: பிடிக்கிறவன்தான் வீரன். பாடி வருகிறவனின் இடுப்பைக் கட்டி, மூச்சு அறும்வரை விடாமல் வைத்திருக்கிறானே, அவன் முதுகில்தான் தட்டிக் கொடுப்பார்கள். அதே கையைக் குத்துச்சண்டை மேடைக்குக் கொண்டுபோனால் குற்றமாகிவிடுகிறது. அங்கும் ஆதியில் அப்படி இல்லை. 1743-ல் பிராட்டன் என்ற ஆங்கிலேயர் வகுத்த விதிகள் இடுப்புக்குக் கீழே பிடிப்பதைத்தான் தடுத்தன. மல்யுத்தமும் கூடாது, அணைப்பும் கூடாது என்று சொன்னது 1867-ல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள். ஆகவே பிடிப்பது இயற்கையிலேயே பாபம் அல்ல. ஒப்புக்கொண்ட ஆட்டத்திலிருந்து நழுவுவதுதான் பாபம்.

நழுவுவதிலும் இரண்டு ரகம் உண்டு. தாடையில் குத்து விழுந்து, கண் இருண்டு, கால் தள்ளாடுகிறவன் எதிராளி மேலேயே சாய்ந்து கட்டிக்கொள்கிறான். தன்னை அடித்தவனையே தூணாகப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பரிதாபத்துக்கு அபராதம் போட எனக்கு மனம் வராது. பிரித்துவிட்டால் போதும். இன்னொருவன் களைக்கவும் இல்லை, கலங்கவும் இல்லை. இரண்டு குத்து விட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எதிராளியின் கழுத்தை இழுத்து அமுக்கிக்கொள்கிறான். இவன் திருடுவது மற்றவனுடைய முறையை.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லிக் குத்துச்சண்டை போட்ட ஊர் சென்னை. 1980-ல் முகம்மது அலி அங்கே வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டபோது ஜனங்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். எனக்கும் அவர்மேல் ஆசைதான். ஆனாலும் 1974 ஜனவரியில், நியூயார்க்கில், ஜோ ஃப்ரேஸியரோடு நடந்த இரண்டாவது சண்டையில் அவர் செய்தது இந்த இரண்டாவது ரகம். நூறு தடவைக்கு மேல் பிடித்தார் என்று ஃப்ரேஸியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் கணக்குச் சொன்னார். நடுவர் பிரித்துவிட்டார், பிரித்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு சுற்று முடிந்து அலி ஜெயித்தார்.

காவிரிக் கரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல்மடைக்காரன் தன் முறை முடிந்த பிறகும் வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டுத் தண்ணீரைத் தேக்கிக்கொள்கிறான். "நாளைக்காவது விட்டுவிடப்பா" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாளைக்குள் கடைமடையில் நாற்று கருகிவிடுகிறது. காவிரிக்கு அமைந்ததும் பெயரிலேயே நடுவர் மன்றம்தான். 1990-ல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007-ல். நடுவே 1991-ல் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது உண்மை. அதை நிறைவேற்றச் செய்வதற்கே தனிச் சண்டை வேண்டியிருந்தது. பதினேழு வருஷத்துக் குறுவைக்கு யார் பதில் சொல்வது?

குத்துச்சண்டை நடுவர்கள் தயங்குவதற்குக் காரணம் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கையில் கொடுத்திருக்கும் படிக்கல் பெரிது. சுற்றை வென்றவனுக்குப் பத்து பாயிண்டு, தோற்றவனுக்குப் பெரும்பாலும் ஒன்பது. ஒரு பாயிண்டைக் கழித்தால், மூன்று நிமிஷம் ரத்தம் சிந்தி ஜெயித்த ஒரு முழுச் சுற்றைக் கழித்த மாதிரி. நாலணாத் திருட்டுக்கு நிலத்தை ஜப்தி செய் என்றால் எந்த முன்சீப்புக்குக் கை வரும்? ஆகவே எச்சரிக்கிறார், மறுபடியும் எச்சரிக்கிறார், கடைசிச் சுற்றுகளில் பொறுமை இழந்து கழிக்கிறார். அதற்குள் பிடித்தவன் வேண்டியதை எடுத்துக்கொண்டாகிவிட்டது.

இங்கிலாந்தில் முன்பு சின்னப் படிக்கல் இருந்தது. 1971 மார்ச்சில் ஜோ பக்னர், ஹென்றி கூப்பரை வென்றது கால் பாயிண்டில்: 73¾-க்கு 73½. கூப்பரின் ரசிகர்களுக்கு மகா ஆத்திரம். எனக்கோ காலும் அரையும் மாகாணியுமாகக் கணக்கு எழுதிய நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்தக் கால் பாயிண்டு திரும்பி வரட்டும். முதல் சுற்றிலேயே, மூன்றாவது பிடிக்குக் கால் கழிக்கட்டும். தள்ளாடுகிறவனின் பிடியை மட்டும் சேர்க்க வேண்டாம்; தள்ளாட்டம் கண்ணுக்குத் தெரியும். மற்றபடி யாருடைய மனசையும் படிக்க வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

இத்துடன் விஷயம் தீர்ந்திருந்தால் சுலபம். அலிக்கும் ஃப்ரேஸியருக்கும் மூன்றாவது சண்டை 1975 அக்டோபர் 1-ல், மணிலாவில் நடந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர்தான் நடுவராக வேண்டும் என்று ஃபட்ச் பிடிவாதம் பிடித்தார். கார்லோஸ் பாடில்லா வந்தார். கழுத்தைத் தேடிப் போன அலியின் கையைத் தட்டிவிட்டார். நியாயமான நடுவர்தான். ஆனால் ஒதுங்க இடமில்லாமல் அந்த இருவரும் பதினாலு சுற்று ஒருவரை ஒருவர் சிதைத்துக்கொண்டார்கள். சாவுக்கு அவ்வளவு பக்கத்தில் போனதில்லை என்று அலியே பிற்பாடு சொன்னார். ஏமாற்று வேலையாக இருந்த அந்த அணைப்பு, மூச்சு விடுகிற இடமாகவும் இருந்திருக்கிறது. அதைப் பறிக்கிற நடுவர் அந்த மூச்சுக்கும் பொறுப்பாளி ஆகிறார்; சண்டையை நிறுத்த வேண்டிய நேரம் அவருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரமே வரும். மணிலாவில் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் நடுவர் அல்ல. பதினாலாவது சுற்று முடிந்தது. கண் வீங்கி மூடிப்போன ஃப்ரேஸியர், கடைசிச் சுற்றுக்கும் போகிறேன் என்றார். போக வேண்டாம் என்று நிறுத்தியவர், பிடிக்க விடாதே என்று 1974-லிருந்து வழக்காடிக்கொண்டிருந்த அதே ஃபட்ச்தான்.