யார் கைச் சோறு?

தோழர்கள் நால்வர் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. படிப்பகத்து வாயிலில் தொடங்கும் பேச்சு நாட்டு நடப்பைத் தொடும், விலைவாசியைத் தொடும், பக்கத்துத் தெருவில் கூரை எரிந்து நிற்கும் குடும்பத்துக்கு என்ன செய்யலாம் என்பதில் வந்து நிற்கும். அங்கிருந்து, யார் யாருக்கு என்ன உதவி செய்தார் என்ற கணக்கு விரியும். அப்போது ஒரு தோழர் நெஞ்சை நிமிர்த்திக் கூறுவார்: "என் வீட்டில் எந்நேரம் எவர் வந்தாலும் சோறு உண்டு. நள்ளிரவில் நான்கு பேரை அழைத்துப் போயிருக்கிறேன். ஒருவரையும் பட்டினியாக அனுப்பியதில்லை!" மற்றவர்கள் தலையசைப்பர். வள்ளல் என்று ஒருவர் வாய்விட்டே சொல்வார்.

நல்ல பண்புதான், மறுப்பாரில்லை. ஆயினும், நாம் பகுத்தறிவுப் பாசறையில் பயின்றவர்கள். எதைக் கண்டாலும் ஏன், எப்படி, எவரால் என்று கேட்டுப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை இந்த இடத்தில் மட்டும் மறப்பானேன்? நள்ளிரவில் நான்கு பேருக்குச் சோறு போட்டாரே தோழர், அந்தச் சோற்றை வடித்தவர் யார்?

கொடை என்பது தன்னுடையதைக் கொடுப்பது. தன் பொருள், தன் உழைப்பு, தன் உறக்கம் இவற்றில் ஒரு பங்கைப் பிறருக்காக இழப்பவனே கொடுத்தவன். பிறர் உழைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புகழை மட்டும் தன் பெயரில் வரவு வைத்துக்கொள்பவனை எப்பெயரிட்டு அழைப்பது? இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. ஜமீன்தார் கட்டிய சத்திரத்தின் முன் நின்று இதைத்தான் கேட்டோம். தருமப் பிரபு என்று கல்லிலே பொறித்திருந்தது. பந்தியிலே பாயசமும் இருந்தது. நெல் யாருடையது? உழுதவன் வயிறு ஒட்டிக் கிடக்க, அவன் களத்து நெல்லை அளந்து எடுத்துப்போய் வழிப்போக்கனுக்குப் படைத்துப் புண்ணியம் தேடிக்கொண்டார் பிரபு! அது தருமமன்று, சுரண்டலுக்குப் பூசிய சந்தனம் என்றோம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழிக்க வந்தபோது, சத்திரத்துக் கல்வெட்டை எண்ணி நம்மில் எவரும் கண்ணீர் சிந்தவில்லை.

சத்திரத்தை அளந்த அதே கோலை வீட்டு நிலைப்படிக்கு உள்ளே எடுத்துச் செல்லும்போது மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

உள்ளே சென்று பார்ப்போம். இரவு மணி பத்து. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிட்டன. காலை ஐந்து மணிக்கு எழுந்தவள் அப்போதுதான் சுவரில் சாய்ந்து கால் நீட்டுகிறாள். வாயிலில் குரல் கேட்கிறது: "நம் தோழர்கள் வந்திருக்கிறார்கள்!" நீட்டிய கால் மடங்குகிறது. உலையில் மீண்டும் அரிசி. புளி ஊற நேரமில்லை. வெந்நீரில் கரைத்து ஒரு ரசம். நாளைக்கென்று வைத்திருந்த நான்கு கத்தரிக்காய் இன்றே வதங்குகின்றன. குழந்தைக்கென எடுத்துவைத்த முட்டை வந்தவர் இலைக்குப் போகிறது. காலைக்கு அரைத்த மாவு தோசையாகிறது. ஆகவே, விடிந்தால் என்ன செய்வது என்ற கவலை அன்றிரவே அடுப்போடு சேர்ந்து எரியத் தொடங்குகிறது. கூடத்திலோ உலக அரசியல்! சிரிப்பொலி! "இன்னும் கொஞ்சம் ரசம்" என்ற குரல். எல்லோரும் உண்டு எழுந்தபின் சட்டியில் எஞ்சியிருப்பது எதுவோ அதுவே அவள் உணவு. ஒன்றும் எஞ்சாவிட்டால், "எனக்குப் பசியில்லை" என்றொரு பொய். அந்தப் பொய்யைச் சொல்லாத தாய் தமிழ்நாட்டில் எத்தனை பேர்?

நான்கு பேர் உண்டனர். அதற்காக ஒருத்தி தன் உறக்கத்தையும் தன் பங்குச் சோற்றையும் கொடுத்தாள். மறுநாள் படிப்பகத்தில் வள்ளல் பட்டம் பெற்றவரோ வேறொருவர்.

"அதெல்லாம் அந்தக் காலம்; இப்போது அடுப்படி வேலை என்ன பெரிய வேலை?" என்று கேட்போர் உண்டு. அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலைக்குப் போயின. மிக்சியும் கிரைண்டரும் வந்தன. விறகுப் புகை விலகி எரிவாயு வந்தது. 2011இல் தமிழ்நாட்டு அரசே மிக்சியையும் கிரைண்டரையும் விலையின்றி வழங்கத் தொடங்கியது. மகிழ்ச்சி! குழவி சுற்றிக் காய்த்த கைகள் சற்றே ஓய்ந்தன. ஆனால், என்ன இருக்கிறது, என்ன தீர்ந்தது, யாருக்கு எது ஆகாது, மூன்று வேளைக்கும் என்ன சமைப்பது என்று விடிந்தது முதல் எண்ணிக்கொண்டே இருக்கும் தலைக்கு ஓய்வு தரும் பொறியை எவரும் விற்கவில்லை. பொத்தானை அழுத்தும் விரலும் அதே விரல்தான். இந்திய அரசு 2019இல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கணக்கெடுத்த நாளில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படி ஈடுபட்ட பெண் ஒரு நாளில் அதற்காகச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம், தோழர்களே! ஊதியமில்லை, ஞாயிறு இல்லை, ஓய்வு பெறும் வயதும் இல்லை.

அடுத்த மறுப்பு எழும், இது சற்று அழுத்தமானது. "அவள் அன்பினால் செய்கிறாள், முகம் சுளிப்பதே இல்லை. அன்பைக் கூலிக் கணக்காக்குகிறீர்களே!" என்பர். அன்பில்லை என்று நான் சொல்லவில்லை. தன் கையால் ஆக்கியதை ஒருவர் உண்டு மகிழ்வதைக் காண்பதில் உண்மையாகவே ஓர் இன்பம் உண்டு. அந்த இன்பத்தை ஏளனம் செய்பவன் சமைத்துப் பாராதவன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முடியாது என்று சொல்ல இடமுள்ளவன் வாயிலிருந்து வரும் சரி என்ற சொல்லுக்குத்தான் பொருள் உண்டு. இன்று எனக்கு உடம்பு சரியில்லை, உங்கள் நண்பர்களை வேறு நாள் அழைத்து வாருங்கள் என்று எத்தனை வீடுகளில் ஒரு பெண் கூற முடியும்? கூறினால் அடங்காதவள், வந்தவர் எதிரில் மானத்தை வாங்கியவள், அவளைப் பெற்றவர் வளர்த்த முறை சரியில்லை. இத்தனை பட்டங்களும் கதவுக்குப் பின்னே காத்திருக்கும்போது, அவள் முகம் சுளிக்கவில்லை என்பதை அன்புக்குச் சான்றாகக் காட்டுவது, பண்ணையாள் எதிர்த்துப் பேசவில்லை என்பதைப் பண்ணையாரின் கருணைக்குச் சான்றாகக் காட்டுவது போன்றதே.

கூடத்தில் மட்டும்தான் நண்பர் பேச்சு நடக்கிறதென்று எண்ண வேண்டா. கொல்லைப்புறத்திலும் நடக்கிறது. இருவீட்டுப் பெண்கள் சுவரின் இருபுறமும் நின்று பேசும் பேச்சை வெட்டிப்பேச்சு என்று நகைப்பது நம் வழக்கம். அந்தப் பேச்சில்தான் எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் சம்பளம் வரவில்லை, எவள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள் என்ற செய்திகளெல்லாம் பரவுகின்றன. பேச்சு முடியுமுன் சுவர்மீது ஒரு கிண்ணம் கைமாறிவிடும். மீன் குழம்போ, புளிக்குழம்போ, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்போ. போன கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை. ஒன்றுமில்லாவிடில் நான்கு கறிவேப்பிலைக் கொத்தாவது அதில் இருக்கும். தன் கையால் ஆக்கி, தன் பங்கில் குறைத்து, பேர் சொல்லாமல் கொடுக்கும் இதை ஒருவரும் வள்ளன்மை என்று மேடையேற்றியதில்லை.

மேடையேற்றலாம்; தகும். ஆயினும், அந்தக் கிண்ணம் எந்தத் தெரு வரை போகிறது என்பதையும் கேட்டுவிட்டே ஏற்ற வேண்டும். ஊரின் எல்லையில் அது நின்றுவிடுகிறது. சேரிக்கு மிஞ்சியது போகும், கிண்ணம் போகாது. சேரியிலிருந்து கிண்ணம் வருவதென்பதோ பேச்சுக்கே இடமில்லை. கொடுப்பதற்கு ஒரு கை போதும். வாங்கி உண்பதற்குச் சமமென்ற எண்ணம் வேண்டும். உணவில்தான் சாதி உயிர் வாழ்கிறது என்பதை நம் இயக்கம் தொடக்கத்திலேயே கண்டது. 1924, 1925ஆம் ஆண்டுகளில், பொதுமக்கள் பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்திலே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் உணவு என்பதை எதிர்த்து எழுந்த புயல் நாடறிந்தது. புகைவண்டி நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடமென்ற இழிவு, இயக்கத்தின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பின் 1941இல் ஒழிந்தது. 1957இல் உணவு விடுதிப் பெயர்ப்பலகையில் இருந்த பிராமணாள் என்ற சொல்லை எதிர்த்துத் திருவல்லிக்கேணியில் மறியல் செய்து சிறை சென்றோர் பலர். பலகைகள் மாறின. மனம்? 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்தால் எம் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று ஊரார் சிலர் கிளம்பினர். அந்தச் சமையலரை இடம் மாற்ற ஆணையும் பிறந்தது! கண்டனம் எழுந்தபின் ஆணை திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. பசித்த பிள்ளைக்குச் சோறு கொடுக்க வந்த கையை, எந்தச் சாதிக் கை என்று புரட்டிப் பார்க்கிறது சமுதாயம். அந்தக் கை ஓய்ந்ததா, உண்டதா என்று மட்டும் பார்ப்பதில்லை.

இதில் நம் வீடுகள் விலக்கா? விலக்கென்று கூறிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. ஏனெனில் நம் தலைவரே கூறிக்கொள்ளவில்லை. ஈரோட்டு இல்லத்துக்கு வந்து உண்ணாத தொண்டர் இல்லை என்பர். அந்த விருந்தோம்பலின் முழுச் சுமையையும் தாங்கியவர் நாகம்மையார். 1921இல் கள்ளுக்கடை மறியலில் நின்றவர். 1924இல் வைக்கம் வீதியில் நின்றவர். 1933 மே மாதம் அவர் மறைந்தபோது, பெரியார் 'குடி அரசு' ஏட்டில் எழுதிய இரங்கலுரையை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். பெண்ணுரிமை பற்றி ஊருக்கு எவ்வளவோ போதித்த தாம், தம் வீட்டு நாகம்மையிடத்தில் அதில் நூற்றில் ஒரு பங்கேனும் நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதி இல்லை என்ற கருத்தை அதிலே அவர் மறைக்காமல் எழுதினார். துணைவி மறைந்த சில நாளில், தம் ஏட்டிலேயே, தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்ட தலைவர் வேறு எவர்? அதைப் படித்துவிட்டு அவருடைய நேர்மையைப் போற்றுகிறோம். போற்றிவிட்டு, "காபி இன்னும் வரவில்லையே" என்று உள்ளே குரல் கொடுக்கிறோம்!

"ஆண்களுக்குச் சமையல் வராது" என்று ஒரு சாக்கு இருக்கிறது. வேடிக்கையான சாக்கு! புராணிகரைக் கேளுங்கள். நளபாகம் என்பார், பீமபாகம் என்பார், இருவரும் ஆண்கள். சீதைபாகம், தமயந்திபாகம் என்று ஒன்றை அவர் சொல்லிக் கேட்டதுண்டா? திருமண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமைப்போர் பெரும்பாலும் ஆண்கள். உணவு விடுதியில் பரோட்டா வீசுவோரும் ஆண்கள். ஆக, கூலியும் பெயரும் கிடைக்குமிடத்தில் ஆணுக்குச் சமையல் வருகிறது. இரண்டுமில்லாத இடத்தில்தான் வராமற் போகிறது. பள்ளிக்கூடச் சத்துணவில் கூலி குறைவு. அங்கே அடுப்படியில் நிற்போர் பெரும்பாலும் பெண்கள். 1982இல் விரிவாக்கப்பட்ட அத்திட்டத்தின் ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டு எத்தனை முறை வீதியில் நின்றிருக்கிறார்கள்! வீட்டில் இலவசமாகக் கிடைப்பதற்கு வெளியில் மட்டும் ஏன் விலை கொடுப்பது என்ற எண்ணம் அரசு அலுவலகத்துக் கோப்பு வரை ஊறியிருக்கிறது.

இன்னொரு தோழர் இருக்கிறார். நல்லவர், முற்போக்காளர். "நான் வீட்டில் மனைவிக்கு உதவி செய்கிறேன்" என்பார் பெருமையுடன். அந்தச் சொல்லைச் சற்றே நிறுத்தி ஆராய்வோம். அடுத்தவர் வயலில் நாற்று நட்டால் அது உதவி. தன் வயலில் தானே நட்டால்? தான் உண்ட தட்டைத் தான் கழுவுவது யாருக்குச் செய்த உதவி? உதவி என்று அவர் சொல்லும்போதே, அந்த வேலை இயல்பாக அவளுடையது, நான் மனமிரங்கி இறங்கி வந்தேன் என்ற பட்டா அவள் பெயருக்கு எழுதப்பட்டுவிடுகிறது. மனைவிக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒரே சொத்து அதுதான் போலும்! நிலத்திலும் வீட்டிலும் மகளுக்குப் பங்கு வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்ட இயக்கம் இது. அது 1989இல் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டு ஆயிற்று. கரண்டியில் ஆணுக்குப் பங்கு வேண்டுமென்பதற்குச் சட்டமன்றத்தின் வாயிலில் காத்திருக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் நண்பர்களை வீட்டுக்கு அழைக்கவே கூடாதா?" என்று கேட்கக்கூடும். அழையுங்கள், அழைக்குமுன் வீட்டில் ஒரு சொல் கேளுங்கள். இன்று முடியாது என்ற விடை வருமானால், அதை வந்தவரிடம் அப்படியே சொல்லுங்கள். முடியும் என்றால், அரிசி களைவது முதல் அடுப்பைத் துடைப்பது வரை உடனிருங்கள். பரிமாறும் நேரத்தில் அவளும் உங்களோடு உட்காரட்டும். "வந்த தோழர் என்ன நினைப்பாரோ?" என்ற அச்சம் வேண்டா. அவர் உண்மையிலேயே தோழரானால், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வெங்காயக் கூடை எங்கே என்று கேட்பார்.