கைக்குக் கை

மத்ரஸாவில் வணிகப் பாடங்களை ஓதிக் கொடுக்கும்போது, நாணய மாற்றைப் பற்றிய 'ஸர்ஃபு' என்னும் பகுதி வந்தால் மாணவர்களுக்குச் சற்றே சோர்வு தட்டும். பொன்னுக்கு வெள்ளி மாற்றுவோர் இந்நாளில் யார் என்பது அவர்கள் எண்ணம். ஆயினும், அப்பாடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னவுடன், ஆண்டுதோறும் எவனேனும் ஒரு மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்பான். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நிகழ்ச்சி இது. மாலிக் இப்னு அவ்ஸ் என்பார் நூறு தீனார் பொற்காசுகளை வெள்ளியாக மாற்ற விரும்பினார். தல்ஹா இப்னு உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள் மாற்றித் தர இசைந்தார்கள். பேச்சு முடிந்தது. தல்ஹா அவர்கள் பொன்னை வாங்கிக் கையிற் புரட்டிப் பார்த்துவிட்டு, மதீனாவின் புறத்தேயுள்ள அல்ஃகாபாவிலிருந்து தம் பொருட்காப்பாளர் வந்ததும் வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, வெள்ளியைப் பெறாமல் அவரைப் பிரியலாகாது என்று மாலிக்கிடம் ஆணையிட்டுக் கூறினார்கள். பொன்னும் வெள்ளியும் கைக்குக் கை மாறாவிடில் அது வட்டியாகும் என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் வாக்கையும் எடுத்துக்காட்டினார்கள். புகாரியிலும் முவத்தாவிலும் இது பதிவாகியுள்ளது.

மாணவன் கேட்பது இதுதான்: "தல்ஹா (ரலி) அவர்கள் சுவர்க்க நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரல்லவா? அவர்களையுமா உமர் (ரலி) அவர்கள் நம்பவில்லை?"

'சட்டம் எல்லார்க்கும் ஒன்றே' என்று விடை சொல்லிப் பல ஆண்டுகள் அமைந்திருந்தேன். அவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. முழு விடையை எனக்குக் காட்டியது, நம் கிதாபுகளுக்கு வெகு தொலைவில், ஜெர்மனியில் நேர்ந்த ஒரு வங்கியின் வீழ்ச்சி.

கொலோன் நகரில் ஹெர்ஷ்டாட் என்றொரு வங்கி இருந்தது. 1973-இல் பெரிய நாடுகளின் நாணயங்கள் நிலையான விகிதங்களினின்றும் விடுபட்டு ஏறியிறங்கத் தொடங்கின. அந்த ஏற்ற இறக்கத்தைக் கணித்து ஆதாயம் தேடப் புகுந்த அவ்வங்கி பெருநட்டம் அடைந்தது. 1974 ஜூன் 26-ஆம் நாள், ஜெர்மனியில் அன்றைய பணப் பட்டுவாடா முடிந்த பிறகு, அதிகாரிகள் அதனை மூடினர். நியூயார்க்கில் அப்போது காலை நேரம். அவ்வங்கியோடு நாணய மாற்று செய்துகொண்ட பிற வங்கிகள் தங்கள் மார்க்குகளை ஜெர்மனியில் செலுத்திவிட்டிருந்தன. ஈடான டாலர்கள் நியூயார்க்கில் அவற்றுக்குக் கிடைக்கவேண்டும். கிடைக்கவில்லை. பொன் கைமாறிவிட்டது, பொருட்காப்பாளர் அல்ஃகாபாவிலிருந்து வந்து சேரவில்லை!

மார்க்கைக் கொடுத்த வங்கிகளின் கணக்கில் பிழையில்லை. உடன்படிக்கையும் ஒளிவுமறைவற்றதே. இரு நகரங்களின் கடிகாரங்களுக்கு இடையே கிடந்த சில மணி நேரமே அவற்றை விழுங்கிற்று. இந்த ஆபத்தை நிதித்துறையினர் இன்றளவும் அவ்வங்கியின் பெயராலேயே குறிக்கின்றனர். அவ்வாண்டின் இறுதியில் பத்து முன்னணி நாடுகளின் மைய வங்கித் தலைவர்கள் பாஸல் நகரில் வங்கி மேற்பார்வைக் குழு ஒன்றை அமைத்தனர். இரு நாணயங்களும் ஒருசேரத் தீர்க்கப்படுவதற்கென்றே சி.எல்.எஸ். என்னும் வங்கி 2002-இல் இயங்கத் தொடங்கிற்று. ஒரு தரப்பு செலுத்தாவிடில் மறு தரப்பின் பணம் விடுவிக்கப்படுவதில்லை. கைக்குக் கை என்பதன் பொருள் வேறென்ன?

இப்போது மாணவனுக்கு விடை சொல்கிறேன். உமர் (ரலி) அவர்கள் எடைபோட்டது தல்ஹா (ரலி) அவர்களின் உள்ளத்தை அன்று. கொடுப்பதற்கும் பெறுவதற்கும் நடுவேயுள்ள இடைவெளியை. அந்த இடைவெளியில் ஒருவன் முழுவதையும் கொடுத்துவிட்டான். மற்றவன் ஒன்றும் கொடுக்கவில்லை. நல்லவனுக்கும் மரணம் வரும்; அவன் ஏவலாளன் வழிமறிக்கப்படலாம்; விலை மாறலாம். அப்போது இழப்பு முந்திக் கொடுத்தவன் தலையிலேயே விழும். நல்லவனோ வாக்குத் தவறியவன் என்ற பழியைச் சுமப்பான். ஆகவே இந்நிபந்தனை நம்பிக்கைக்கு எதிரானதன்று. நம்பிக்கை தாங்கக்கூடாத சுமையை அதன் தோளினின்று இறக்கி வைப்பது.

'மாலிக்கும் தல்ஹாவும் ஒரே இடத்தில் இருந்தனர். கடலுக்கு அப்பாலிருப்பவனோடு கைக்குக் கை மாற்றுவது எங்ஙனம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வங்கிக் கணக்கில் வரவு வைப்பதும் கைப்பற்றுதலாகவே கொள்ளப்படும் என்று ஜித்தாவில் 1990-இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமி தீர்மானித்தது. மேலும், அடைமானப் பொருளை இரு தரப்பும் ஏற்ற ஒருவரிடம் வைப்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன; அவருக்கு 'அத்ல்' என்று பெயர். நீதிக்கும் அதே சொல்தான். தொலைவு கைகளைப் பிரித்தால், நடுவே ஓர் அத்லை நிறுத்துக. தொலைவைச் சாக்காக்கி ஒருவனை மட்டும் வெறுங்கையனாக்காதீர்.

இது வங்கிகளுக்கு மட்டும் உரிய பாடமா? வளைகுடாவில் வெயிலில் உழைக்கும் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் திர்ஹத்தையும் ரியாலையும் உண்டியல்காரரிடம் கொடுத்துவிட்டு, ஊரில் ரூபாய் வந்து சேரும் நாளுக்காகக் காத்திருந்தனர். இன்றும் சிலர் காத்திருக்கின்றனர். வங்கியின் கட்டணம், தாமதம், அதிகாரிகளின் முகச்சுளிப்பு ஆகியவையே அவர்களை அங்கே தள்ளின என்பதை நான் மறுக்கவில்லை. ஊர்க்காரர், தொழுகையாளி, நம்பகமானவர் என்பதும் மெய்யாக இருக்கலாம். ஆனால் இடையில் ஏதேனும் நேர்ந்தால் எந்த வாசலில் முறையிடுவது? 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அவ்வழியை அனுமதிக்கவில்லை; ஆதலின் ஏமாந்தவன் வழக்குமன்றம் செல்லவும் அஞ்சுவான். ஓராண்டு உழைப்பு ஒருவருடைய வாய்ச்சொல்லின்மேல் மட்டும் நிற்கும்.

பொன்னைக் கொடுத்து வெள்ளிக்குக் காத்திருப்பதைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் இன்னொன்றும் சொன்னதாக முவத்தாவில் உண்டு: வீட்டுக்குள் போய் வரும்வரை பொறு என்று அவன் கேட்டாலும் பொறுக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. ஒரு வீட்டு வாசலைக் கடக்கும் நேரத்தையே அவர்கள் அஞ்சினார்கள். துபாய்க்கும் நம் ஊருக்கும் இடையே கிடப்பது ஒரு கடலன்றோ?