சம்மதம் என்ற பிரச்னை

2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியபோது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒரு சொல்தான் யோசிக்கத் தகுந்தது: விருப்பம். நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்கலாம். வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது. ஆகவே நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு. அதுவும் விரும்புகிறவர்களுக்கு மட்டும். கூட்டணியிலிருந்த இடதுசாரிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமே எதிர்த்தது. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. அரசியல் ரீதியாக விஷயம் தீர்ந்தது. ஆனால், ஒருவர் விரும்பியே 12 மணி நேரம் உழைக்க முன்வந்தால் அவரைத் தடுக்கச் சட்டத்துக்கு என்ன தார்மீக உரிமை என்ற கேள்விக்கு எதிர்த்தவர்கள்கூட நேராகப் பதில் சொல்லவில்லை.

இக்கேள்வி அற்பமானதல்ல. 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகமான மெப்ஸுக்கு வேலைக்கு வரும் பெண்கள் காலையில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஆறு நாளும் ரயிலில் நின்றுகொண்டு வருகிற ஒருத்திக்கு, நான்கு நாள் வந்தால் போதும் என்பது நிச்சயம் ஒரு சௌகரியம். இதை முதலாளித்துவச் சூழ்ச்சி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நம் இடதுசாரி நண்பர்களின் பழைய சோம்பல்.

மேலும், வங்கி ஊழியர்களான நாங்களே இந்தக் கணக்கைப் போடுகிறோம். 2015 முதல் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் எங்களுக்கு விடுமுறை. மிச்சமுள்ள சனிக்கிழமைகளுக்காகத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக உட்காரச் சங்கங்கள் சம்மதித்திருக்கின்றன. நாளை நீட்டி வாரத்தைக் குறுக்குவது இங்கே கோரிக்கை, அங்கே சுரண்டல். எப்படி?

12 மணிக்கும் 40 நிமிஷத்துக்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்குப் பெரிதுதான். ஆனால் வித்தியாசம் அங்கே மட்டும் இல்லை. நான் மாட்டேன் என்றால் மறுநாள் காலை என் நாற்காலி அங்கேயே இருக்கும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவள் மாட்டேன் என்றால், திங்கட்கிழமை அவளைக் கேட்டுக்குள் விடுவார்களா என்பது சந்தேகம். ஆக, சம்மதம் உண்மையா என்பதை அது தரப்பட்ட விதத்தை வைத்தல்ல, மறுப்புக்கு என்ன விலை என்பதை வைத்தே அளக்க முடியும். அவளிடமிருந்தே அவளைக் காப்பாற்றச் சட்டம் யார் என்று கேட்கிற சுதந்திரவாதிகள் இதைக் கவனிப்பதில்லை. சட்டம் அவளைக் காப்பாற்றுவது பக்கத்து மெஷின்காரியின் சம்மதத்திலிருந்து. அவள் சரி என்ற கணத்தில் இவளுடைய மறுப்பு குற்றமாகிவிடுகிறது.

1911ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலைகளில் வயதுவந்த ஆண்களுக்கு 12 மணி நேரத்தை அனுமதித்தது. 1922இல் அது 11 ஆயிற்று, 1934இல் 10, 1946இல் 9. மூன்று மணி நேரத்தைக் குறைக்க முப்பத்தைந்து வருஷம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பெரம்பூர் பி அண்டு சி ஆலைக்காரர்களின் முதல் குறைகளில் ஒன்று, சாப்பாட்டுக்கு அரைமணி போதவில்லை என்பது. இவற்றில் எதையும் யாரும் தனியாக நின்று விருப்பம் தெரிவித்துப் பெறவில்லை.

ஆனால் ‘எல்லோர் பெயராலும்’ மறுப்பது என்பதிலும் ஒரு பொய் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. 1921இல் அதே ஆலையின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. வேலைநிறுத்தம் தோற்றது. திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று எழுதிவைப்பது சுலபம். பட்டினியைத் தாங்கும் சக்தி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா, சங்கம் சேரிக்கு எவ்வளவு அருகே போயிற்று என்பவை சங்க வரலாறுகள் நிதானமாக நின்று கேட்க வேண்டிய கேள்விகள். சட்டத்தின் ‘விருப்பம்’ பொய் என்றால், சங்கத்தின் ‘எல்லோரும்’ எத்தனை பேர்?

எங்கள் கிளையின் ஏடிஎம் வாசலில் ஏஜென்ஸி அனுப்பும் காவலாளி ஒருவர் ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டுவரை உட்கார்ந்திருக்கிறார். எந்த மசோதாவும் இல்லாமலே 12 மணி நேரம். ஐந்து நாள் வாரம் கேட்டு நாங்கள் ஒட்டிய நோட்டீஸ் அவர் நாற்காலிக்கு நேர்மேலே இருக்கிறது. அதில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.