தொடாமல் நிற்கும் இரண்டு நிமிடம்

வளர்ப்பு நாய்க்கு வலிப்பு பெரும்பாலும் அது அயர்ந்து கிடக்கும்போதுதான் வருகிறது. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, கூடத்து மூலையில் சாக்கின்மேல் சுருண்டு படுத்திருந்த நாய் திடீரென விறைக்கும். தலை பின்னுக்கு வளையும், தாடை அடித்துக்கொள்ளும், நான்கு கால்களும் நீந்துவதுபோல் காற்றைத் துழாவும். வாயோரம் நுரை தள்ளும், சிறுநீர் பிரியும். கண் திறந்தே இருக்கும், பார்வை மட்டும் எங்கோ இருக்கும். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அடங்கிவிடும் என்றாலும், பக்கத்தில் நிற்கிறவருக்கு அது ஒரு யுகம். வீட்டிலிருக்கும் அத்தனை கையும் நாயை நோக்கி நீளும். ஒருவர் வாயைப் பிளக்கப் பார்ப்பார், ஒருவர் கால்களை அமுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் சொம்புத் தண்ணீரை முகத்தில் அடிப்பார். இந்தக் கைகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பாசத்தால் நீளுகிற கை அந்த இரண்டு நிமிடம் பின்வாங்கப் பழக வேண்டும் என்பதும், நாய்க்கு அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவியே அதுதான் என்பதும் என் எண்ணம்.

வலிப்பு தசையில் பிறப்பதில்லை. மூளையின் நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் மின்துடிப்பை வெளியிடுவதன் வெளித்தோற்றம்தான் நாம் பார்க்கும் உதறல். காலை அமுக்கினால் மூளை அடங்காது. அமுக்கிய மூட்டில்தான் அடிபடும். நாக்கை விழுங்கிவிடும் என்ற பயமும் வீண். நாய் நாக்கை விழுங்குவதில்லை. ஆனால் வாய்க்குள் போன விரலைத் தாடை இறுகிக் கடிக்கும், கடிப்பது அந்த நாய்க்கே தெரியாது. நம் ஊரில் நாய்க்கடி என்றால் தடுப்பூசி வரை போகிற விஷயம். நினைவில்லாத வாயில் ஊற்றும் தண்ணீரோ பாலோ நுரையீரலுக்குள் இறங்கி வேறொரு ஆபத்தைக் கொண்டுவரும். செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். மேசை நாற்காலியைத் தள்ளி வைப்பது, மாடிப்படி ஓரமாக இருந்தால் உருளாமல் மறிப்பது, தலைக்கடியில் ஒரு துணி. விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைப்பது. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதை வேறு அறையில் அடைப்பது. உதறும் நாயை அது தாக்கக்கூடும். பிறகு கடிகாரத்தைப் பார்ப்பது, கைபேசியில் படம் பிடிப்பது. படம் பிடிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மருத்துவர் முன் போய் நிற்கும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். வந்தது வலிப்பா, இதயக் கோளாறால் வந்த மயக்கமா, கிழ நாய்க்குச் சமநிலை தவறியதா என்று அவர் பிரித்தறிய அந்த ஒரு நிமிடப் படம் பல பரிசோதனைகளைவிட உதவும்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம்மிடையே இன்னும் போகாத வழக்கம். மனிதருக்குச் செய்வதையே சிலர் நாய்க்கும் செய்கிறார்கள். இது ஏன் இத்தனை தலைமுறை நிற்கிறது என்று யோசித்தால் விடை எளிது. வலிப்பு இரண்டு நிமிடத்தில் தானே நிற்கிறது. சாவியைத் தேடி எடுத்துவர ஒன்றரை நிமிடம் ஆகிறது. நிறுத்திய புகழ் சாவிக்குப் போய்விடுகிறது. சாவியின் இடத்தில் வெங்காயத்தையோ திருநீற்றையோ வைத்தாலும் கணக்கு மாறாது. ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும், ஏறத்தாழ 2400 ஆண்டுப் பழமையான கிரேக்க மருத்துவ நூல் ஒன்று, இந்த நோய் தெய்வக் குற்றமில்லை, மூளையின் நோய் என்று வாதிட்டது. அதற்கு அது சான்றாகக் கொண்டது ஒரு விலங்கை என்பது எனக்கு வியப்பான செய்தி: வலிப்பு வந்த ஆட்டின் தலையைத் திறந்து பாருங்கள், குறை மூளையில் இருப்பது தெரியும் என்கிறது அந்த நூல். ஆனாலும் வலிப்பைப் பார்க்கிற பயம் அறிவால் மட்டும் தீர்வதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சொல் 1999-இல்தான் நீக்கப்பட்டது. மனிதரையே இப்படி ஒதுக்கிய பயம், நுரை தள்ளும் நாயைப் பார்த்ததும் ‘வெறி பிடித்துவிட்டது’ என்று கம்பைத் தூக்குவதில் வியப்பில்லை. வெறிநோயிலும் வலிப்பு வரலாம். தடுப்பூசி போடாத, நடத்தை மாறிய நாயிடம் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். ஆனால் இரண்டு நிமிடம் உதறி, சில மணி நேரத்தில் பழையபடி சோற்றுத் தட்டைத் தேடி வரும் நாயின் கதை வேறு.

துடிக்கிற உயிரைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்பது கல்நெஞ்சம் இல்லையா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நமக்குப் பாசம் என்றாலே தொடுவதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை போகிறது. ஆனால் உடம்பு முழுதும் உதறும் வலிப்பில் நாய்க்கு நினைவில்லை. அந்தத் துடிப்பை அது வேதனையாக உணர்வதில்லை. வேதனைப்படுவது பார்க்கிறவர். பதற்றத்தில் நாம் செய்யும் பெரும்பாலான காரியம் நம் வேதனையைத் தணிக்கத்தான். இதைச் சொல்வது யாரையும் குறை கூற இல்லை. தன் தவிப்பையும் நாயின் தேவையையும் தனித்தனியே பார்ப்பது அத்தனை கடினம் என்பதற்காகச் சொல்கிறேன். தொடுகைக்கு நேரம் பிறகு வரும். வலிப்பு நின்றதும் நாய் தள்ளாடி எழும், சுவரில் முட்டும், சற்று நேரம் கண் தெரியாமலும் இருக்கலாம், வளர்த்தவரையே அடையாளம் தெரியாமல் உறுமலாம். அப்போதும் கட்டிப்பிடிக்காமல், பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லி, அது நம் பக்கம் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும்.

சும்மா நின்றால் உயிரே போய்விடும் சந்தர்ப்பம் இல்லையா என்பது அடுத்த கேள்வி. உண்டு, கடிகாரம் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது வலிப்பு, ஒன்றிலிருந்து தெளிவதற்குள் மற்றொன்று, இவையெல்லாம் அவசரம். நீடித்த உதறலில் உடல் கொதிக்கும். ஈரத்துணி, மின்விசிறி என்று குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சென்னை வேப்பேரியில் இருப்பதுபோன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக வண்டி யாருடையது என்பதைப் பகலிலேயே விசாரித்து வைப்பது நல்லது. திரும்பத் திரும்ப வலிப்பு வரும் நாய்க்கு, ஆசனவாய் வழியே செலுத்தும் டயஸிபாம் மருந்தை வீட்டில் வைத்திருக்க மருத்துவர் எழுதித் தருவதும் உண்டு. இரண்டு நிமிடம் நிதானமாக நின்றவருக்குத்தான் ஐந்தாவது நிமிடத்தில் தெளிவாக ஓட முடிகிறது.

வலிப்பு அடங்கிய பிறகு வளர்த்தவரைத் தின்பது குற்றவுணர்வு. நான் போட்ட சாப்பாடா, நேற்று போட்ட அதட்டலா? காரணம் தேடுவது தேவைதான், அதை நிதானமாகத் தேட வேண்டும். உண்ணிக்குப் பூசிய மருந்து அளவு மீறியதா, சாக்லேட்டையோ சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கத்தையோ தின்றதா, பொடிக்குட்டி பட்டினி கிடந்து இரத்தச் சர்க்கரை இறங்கியதா, டிஸ்டம்பர் கிருமியா? இவை எதுவும் இல்லாமல், ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில், மற்றபடி நல்ல உடல்நிலையில் இருக்கும் நாய்க்கு வலிப்பு தொடங்கினால், அது பெரும்பாலும் பிறவி வாகில் வரும் கால்கை வலிப்பு. பீகிள், லாப்ரடார் போன்ற இனங்களில் இது வம்சவழியாகவே தொடர்கிறது. அதட்டலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வயதான நாய்க்கு முதன்முதலாக வந்தால் மூளைக்கட்டி போன்றவற்றைப் பார்க்கச் சொல்வார்கள்.

ஒரே ஒரு வலிப்புக்கு உடனே மருந்து தொடங்குவது வழக்கமில்லை என்பதுகூடப் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு என்றாலோ, கொத்தாக வந்தாலோ, நீண்டாலோதான் பெரும்பாலும் மருந்து. அந்த மருந்து அநேகமாக பீனோபார்பிட்டல். 1912-இல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் மனித வலிப்புக்குப் பயன் கண்ட அதே மருந்து. நாயின் உடல் அதை மனித உடலைவிட விரைவாகக் கழித்துவிடுவதால் 12 மணிக்கொரு தடவை கொடுக்க வேண்டும். பசியும் தாகமும் கூடும், முதல் வாரங்களில் கால் பின்னும், கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாகிவிட்டதே என்று சட்டென நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு; அதுவே கடும் வலிப்பைக் கிளப்பும். வலிப்பு அடியோடு நிற்கும் என்று மருத்துவர் வாக்குக் கொடுப்பதில்லை. மாதம் ஒன்று வந்தது மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தால் அதுவும் வெற்றிதான். இதை ஏற்க முடியாமல், இப்படி ஒரு வாழ்வு அந்த வாயில்லா ஜீவனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மருந்துக்கு அடங்காமல், வலிப்புக்கும் மயக்கத்துக்கும் இடையே தெளிந்த நாளே இல்லாத நிலைக்குப் போய்விட்ட நாயை மருத்துவர் துணையோடு வழியனுப்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவை வலிப்பு வந்த இரவில் எடுக்கக் கூடாது. சுவரில் மாட்டிய நாட்காட்டியில் வலிப்பு வந்த நாளைச் சிவப்பில் குறித்து வந்தால், சிவப்பு விழாத தேதிகள் எத்தனை என்று பகலில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். அந்தத் தேதிகளில் அது பந்தைத் துரத்தியது, வாசல் மணிக்குக் குரைத்தது, வெயில் விழுந்த தரையில் நீட்டிப் படுத்துத் தூங்கியது. அடுத்தது எப்போது என்று கணக்குப் பார்த்தபடி பக்கத்தில் விழித்திருந்தது நாய் இல்லை.