குரலுக்கு வாரிசு யார்?

மறைந்தவர் பாடக் கேட்பது நமக்குப் புதிதன்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் மார்கழி விடியலில் எம். எல். வசந்தகுமாரியின் திருப்பாவை ஒலிக்கும்போது, அவர் 1990இல் மறைந்தவர் என்பதை எவரும் நினைப்பதில்லை. ஆயினும், பாடிச் சென்றதைக் கேட்பது வேறு. பாடாததை அவர் குரலிலேயே கேட்பது வேறு. செயற்கை நுண்ணறிவு இந்த இரண்டாவதையும் இயலச் செய்துவிட்டது.

2024இல் வந்த 'லால் சலாம்' படப் பாடல் ஒன்றில் ஏ. ஆர். ரகுமான், மறைந்த பாடகர்களான சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா இருவரின் குரல்களையும் இவ்வாறு ஒலிக்கச் செய்தார். அவர்களுடைய குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அனுப்பியதாக அவரே அறிவித்தார். பாராட்டத்தக்க செயல்தான். எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் கேளாமல் எடுத்தாண்டதாகத் தெலுங்குப் படக் குழு ஒன்றுக்கு அவர் மைந்தர் சரண் அதே ஆண்டில் வழக்கறிஞர் வாயிலாக அறிவிக்கை விடுத்ததையும் எண்ணினால், ரகுமானின் நாகரிகம் விளங்கும்.

எனினும் ஒரு வினா என்னை விட்டபாடில்லை. குடும்பத்தாரின் இசைவு, பாடகரின் இசைவு ஆகுமா?

அரசு அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் பணிக்காலத்திலேயே இறந்தால், பணிக்கொடையும் குடும்ப ஓய்வூதியமும் மனைவிக்குச் சேரும். சில வேளைகளில் மகனுக்கு வேலையும் கிடைக்கும். ஆனால், இறந்தவர் பெயரால் ஒரு கோப்பில் கையெழுத்திட அவ்விருவருக்கும் உரிமை இல்லை. அவர் நேற்றுவரை இட்ட கையெழுத்து என்றும் செல்லும். நாளைக்கென ஒன்றை எவரும் இட இயலாது. ஊதியம் வாரிசுக்கு உரியது, ஒப்புதல் அப்படிப்பட்டதன்று. "இப்பாட்டு எனக்கு வேண்டா", "இந்த அடி சரியாக அமையவில்லை, மீண்டும் பாடுகிறேன்" என்று சொல்வதும் பாடகரின் கலையில் ஒரு பகுதியே அன்றோ?

உயிரோடு இருப்பவர் வழக்காடலாம். பாடகர் அரிஜித் சிங் தம் குரலைப் போலி செய்யும் கருவிகளுக்கு எதிராக நம் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடி, 2024 சூலையில் இடைக்காலத் தடை பெற்றார். மறைந்தவர் எந்தப் படி ஏறுவார்?

இளையராசாவின் மகள் பவதாரிணி 2024 சனவரி 25 அன்று மறைந்தார். அதே ஆண்டு வெளியான விஜய் படத்தில் அவர் குரலை மீட்டெடுத்துப் பாட வைத்தவர் அவர் தம்பி யுவன் சங்கர் ராசா. பெங்களூரில் மெட்டமைத்தபோதே இது தமக்கைக்குரிய பாட்டு என்று தோன்றிற்றாம். மருத்துவமனையிலிருந்து மீண்டதும் பாடச் சொல்லலாம் என எண்ணியிருந்தார். ஒரு மணி நேரத்தில் இறப்புச் செய்தி வந்துவிட்டது. இதனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியவன் நான். ஆயினும், பாடுகிறாயா என்று கேட்க அத்தம்பிக்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

வருங்கால வைப்பு நிதிக்கு வாரிசு இன்னார் என்று பணியில் சேரும்போதே எங்களிடம் படிவம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். இன்று பாடுவோரிடமும் அத்தகைய படிவம் ஒன்றை வாங்கி வைத்தல் நன்று. தமக்குப் பின் தம் குரலை ஆளலாமா, எவ்வகைப் பாட்டுக்கு ஆளலாம், எவர் கேட்டுச் சொல்வது என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். "எதற்கும் வேண்டா" என்று எழுதவும் அதில் ஒரு வரி இடம் விடவேண்டும்.