கூலியா, சீர்ப்பணமா?

கோவையிலிருந்து திருச்சி செல்லும் பெருவழியில் பல்லடத்தை வைகறைப் பொழுதில் கடந்திருப்போர் ஆலைப் பேருந்துகளைக் கண்டிருப்பர். இரவு முறைப் பணி முடித்த பெண்கள் சன்னல் கம்பியில் தலைசாய்த்து உறங்கியவண்ணம் செல்வர். விசைத்தறியும் நூற்பாலையும் கோழிப்பண்ணையும் சோறிடும் வட்டாரம் அது. (கோழிப்பண்ணை பற்றிச் சாவகர் சிந்திக்கவேண்டுவது தனியே உண்டு, அதனைப் பிறிதொரு போது காண்போம்.) பேருந்தில் செல்வோரையேனும் நாம் காண்கிறோம். ஆலை மதிலுக்குள்ளேயே விடுதியில் தங்கி உழைக்கும் இளம்பெண்களைக் காண்பது அரிது.

அத்தகைய பெண்ணொருத்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் பல்லடம் பேருந்து நிலையத்தில் நாம் சந்திக்க நேர்ந்தது. தேனிப் பக்கத்துச் சிற்றூரினள். பத்தாம் வகுப்பில் தேறியவள். மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி அழைத்து வரப்பட்டவள், இரண்டரை ஆண்டில் மூச்சிரைப்பு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். தவணை நிறையவில்லை என்று தொகையை மறுத்துவிட்டார்களாம். அதனை அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. "அப்பாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியலைங்கய்யா" என்றாள்.

இம்முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் இது வழங்கிவந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்களைத் தரகர் வழியே சேர்த்து, மாதந்தோறும் சிறு தொகை மட்டும் தந்து, மூன்றாண்டு இறுதியில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை ஒருசேரத் தருவதாக வாக்களிப்பர். திருமணச் செலவுக்கு என்று அதற்கு விளக்கமும் கூறுவர். 2011-இல் நெதர்லாந்து நாட்டின் இரு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதனை அயல்நாடுகளும் அறியச் செய்தது. அப்பெயரைச் சொல்லத் தயங்குவோர் பின்னர் மிகுந்தனர். பெயர் மறைந்தமையால் வழக்கமும் மறைந்தது என்று கொள்வதற்கில்லை.

ஏழைத் தந்தைக்கு ஒருசேரப் பணம் கிடைக்கிறது. மகள் காவலுள்ள இடத்தில் இருக்கிறாள். இதில் தீங்கென்ன என்று வினவுவோர் உளர். அவர்களை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. கையில் பணம் சேராத வீட்டில் இது பெருந்துணை எனத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அத்தொகை யாருடையது? அப்பெண் நாள்தோறும் ஈட்டிய கூலி அது. அதனைப் பிடித்து வைத்துப் பரிசிலெனத் திருப்பித் தருவதும், இடையில் நோயுற்றால் தராமலே விடுவதும் கொடையாகுமா?

கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களை உமாசுவாமிகளின் தத்வார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. களவுக்கு ஏவுதலும், களவுப் பொருளைக் கொள்ளுதலும், அளவையில் குறைத்துக் கொடுத்தலும் அவற்றுள் அடங்கும். இவற்றுள் நம்மை நெருடுவது இரண்டாவது. பெண்ணின் கூலி ஆலையில் தங்கியது மூன்றாண்டு. பின்னர் அது சென்று சேர்வது மணமகன் வீட்டில். அதனைக் கைநீட்டிக் கொள்பவர் யார்? செய்தலும் செய்வித்தலும் உடன்படுதலும் ஒருங்கே வினைக்கு வாயில் என்று கற்ற நாம், ஆலை முதலாளியோடு இவ்வினாவை நிறுத்திவிட இயலாது. நம் இல்லங்களில் எவரும் தொகை கேட்பதில்லை என்பது உண்மையே. "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்கிறோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. இத்தொடரை அதனால் பிடிக்க முடியவில்லை.

அரசு இவ்வகையில் ஒரு படி நகர்ந்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் தொடங்கிய திருமண நிதியுதவி, 2022-இல் 'புதுமைப் பெண்' என்னும் கல்வி உதவியாக மாற்றப்பட்டது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி புகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். தாலிக்குத் தங்கம் தந்த கை கல்லூரிக்குக் கட்டணம் தருவது நன்மாற்றம். ஆனால் பேருந்து நிலையத்தில் கண்ட பெண் அவ்வாயிலை எட்டவே இல்லை. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையிலுள்ள அந்த இரண்டாண்டில்தான் தரகர் வருகிறார். தேர்வு முடிவு வெளிவரும் நாளில் அவர் வீட்டு வாயிலில் நிற்கிறார். ஆசிரியரோ விடுமுறையில் இருக்கிறார். சூன் மாதம் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விடுபடும்போது, அப்பெயரைத் தேடி வீட்டுக்குச் செல்லும் ஆசிரியை ஒருவர் இருந்தால் போதும், பல வேளைகளில் அப்பெண் திரும்பிவிடுவாள். இதனை ஆசிரியப் பணியிலுள்ள நம்மவர் பலரும் அறிவர்.

ஆதிபகவன் தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் கற்பித்த வரலாற்றைச் ஸ்ரீபுராணம் படித்தோர் அறிவர். வந்தவாசிக்கு அருகிலுள்ள விடாலில், ஒன்பதாம் நூற்றாண்டில் கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையிடம் பயின்ற மாணாக்கியர் ஐந்நூற்றுவர் என்கிறது கல்வெட்டு. ஒரு பிணக்கு நேர்ந்தபோது அவர்களைக் காத்து உணவளிக்க அவ்வூரார் பொறுப்பேற்றனர் என்பதும் அதிற் காணும் செய்தி. ஐந்நூறு பெண்களுக்கு நாள்தோறும் சோறு! அவ்வூர் செல்வ ஊர் என்று கல்வெட்டு எங்கும் கூறவில்லை.

கோவையிலும் திருப்பூரிலும் தொழில் புரியும் நம் குடும்பங்கள், திருமண மண்டபத்தின் ஒருநாள் அலங்காரச் செலவை ஒதுக்கினால், ஒரு பெண்ணின் மேல்நிலைப் படிப்பு இரண்டாண்டுக்கும் அது காணும். யாருக்குத் தருவது என்பதற்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரைக் கேட்டால் சொல்வார். தேர்வு முடிவுக்கு முன்பே கேட்பது நலம்.

அன்று பேருந்து புறப்படும்முன் அப்பெண், "இனிமே பிளஸ் டூ படிக்கணும்னா யாருகிட்டக் கேக்கணுங்கய்யா?" என்றாள். நாம் விசாரித்துச் சொல்வதாகக் கூறினோம். அவள் முகவரியைக் கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை.