யாருடைய வீட்டில் தங்கினோம்?

ஏரிக்கரையில் ஒரு விடுதி, சுற்றிலும் காடு, விளக்குகள் அணைந்தபின் தவளைகளின் ஒலியன்றி வேறு ஒலி கேளாத இரவு. நகர வாழ்வில் களைத்தவர்கள் இத்தகைய இடங்களை நாடிச் செல்வது இயல்பே. அங்கே நம் உள்ளம் அடங்குகிறது; படைப்பின் அழகைக் கண்டு நன்றி கூறுகிறது. இதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. விருந்தினராகச் சென்ற நாம் யாருடைய வீட்டில் தங்கினோம்?

ஜவ்வாது மலையில் ஓரிரவு தங்கியபோதுதான் இக்கேள்வி நம்மைத் தொட்டது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலைத்தொடர் அது. அதன் நடுவே அமைந்த ஜமுனாமரத்தூரில் ஓர் ஏரி உண்டு. அதில் படகு விடுகிறார்கள். சுற்றியுள்ள சரிவுகளில் சாமை விளைகிறது. நகரங்களின் வெளிச்சம் எட்டாத இருளை நாடியே இம்மலையின் காவலூரில் விண்ணோக்குக் கூடம் அமைத்தனர். 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி, வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த இருளின் சிறப்பை அன்றிரவு நாமும் கண்டோம். விண்மீன்கள் அத்தனை அருகில் இருந்தன.

விடுதிக்கு இரவுக் காவலராக இருந்தவர் ஒரு முதியவர். மலையாளி எனப்படும், தமிழ் பேசும் மலைவாழ் மக்களுள் ஒருவர். பேச்சுவாக்கில் அவருடைய மகனைப் பற்றிக் கேட்டோம். ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்று, பிடிபட்டு, சிறையிலிருந்து மீண்டவன் என்றார். நம் முகத்தில் எதைக் கண்டாரோ, சற்றுப் பொறுத்து மெல்லச் சொன்னார்: “மரத்துமேல ஆசப்பட்டுப் போவலீங்க ஐயா. வட்டி கட்டப் போனான்.”

அதன்பின் நமக்கு உறக்கம் வரவில்லை. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் காவல்துறையினர் சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். அன்று செய்தித்தாளைப் படித்துப் பெருமூச்சுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்கள்தாமே நாமும்! அம்மலைக்கே வந்து, அங்குள்ள மரநிழலைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அச்செய்தி நம் நினைவில் எழவேயில்லை.

காட்டை அழிப்பது குற்றமில்லையா என்று கேட்கலாம். குற்றமே. சந்தனத்திற்குப் பெயர்பெற்ற ஜவ்வாது மலை, மரக் கடத்தலால் அச்செல்வத்தில் பெரும்பகுதியை இழந்தது. வறுமையைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட முடியாது. ஆனால் வெட்டியவன் கையில் மிஞ்சுவது கூலி. விற்பவன் கையில் சேர்வதோ செல்வம். தண்டனை மட்டும் பெரும்பாலும் கோடரி பிடித்தவனையே தேடி வருகிறது. ஒரு மனிதனைத் திருடன் என்று அழைத்துவிட்டால் நம் மனச்சான்று ஓய்ந்துவிடுகிறது. அவன் ஏன் அங்குச் சென்றான் என்ற கேள்வி அத்தோடு நின்றுவிடுகிறது.

வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதற்குச் சான்று தேக்கடியில் உள்ளது. ஏரிக்கரை விடுதி என்றதும் தமிழர் பலரின் நினைவுக்கு வருவதும் அவ்விடமே. பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. தேங்கிய நீர் காட்டினூடே பெரும் ஏரியாயிற்று. அதன் கரையில் எடப்பாளையம் என்னுமிடத்தில் திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்தினர் கோடை மாளிகை அமைத்தனர். இன்று அது கேரள அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் விடுதி. படகேறிச் சென்று மன்னர்கள் தங்கிய அறையில் தங்கலாம். அக்கரையில் யானைகள் நீர் அருந்துவதைத் தாழ்வாரத்தில் அமர்ந்தபடியே காணலாம். அக்காடு 1978 முதல் புலிகள் காப்பகமாக விளங்குகிறது.

அக்காட்டிலும் திருட்டு இருந்தது. வயணா எனப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தியோர் பலர். அவர்களுள் ஒரு குழுவினரோடு 1990களின் பிற்பகுதியில் வனத்துறை பேச முன்வந்தது. திருட்டைக் கைவிட்டு, தாம் அறிந்த கடத்தல் வழிகளை அவர்கள் காட்டிக் கொடுத்தனர். பின்னர் அவர்களே காட்டைச் சுற்றிக் காவல் புரிந்தனர். பயணிகளுக்கு வழிகாட்டிகளும் ஆயினர். இரவில் காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்கும் பயணிகள், முன்பு அதே காட்டில் திருடியவர்களின் காவலில்தான் கண்ணயர்ந்தனர். ஆட்கள் மாறவில்லை, காட்டைப் பற்றிய அவர்களுடைய அறிவும் மாறவில்லை. அவர்களை நோக்கிய பார்வை மாறியது. பிழைக்க நேர்மையான வழி கிடைத்தது.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை தென்படுகிறது. மாளிகை மன்னருடையது, காடு அரசுடையது, அறை வாடகை கொடுத்த நம்முடையது என்று எண்ணுகிறோம். ஆனால் எந்தத் தடம் நீருக்குச் செல்கிறது, எந்த மரத்தில் தேன் கூடுகிறது என்று அறிந்து வாழ்ந்தவரே அவ்வீட்டார். 1882இல் இயற்றப்பட்ட சென்னை வனச்சட்டத்தின் கீழ்க் காடுகள் அரசின் காப்புக்கு வந்தபோது, வீட்டார் பலர் தம் வீட்டிலேயே அத்துமீறி நுழைந்தவர்களாகக் கருதப்பட்டனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், அவர்களுக்கு வரலாற்று வழியில் அநீதி இழைக்கப்பட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிஸ், அந்த 2015ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க இயலாது என்பதை வலியுறுத்தினார். நாமோ மரங்களின் குரலை மட்டும் கேட்கப் பழகிவிட்டோம். அது இனிமையானது, நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

விருந்தினனின் முதற்கடமை வீட்டாரை அறிவது. குப்பை போடாதிருப்பதும் விலங்குகளைத் துன்புறுத்தாதிருப்பதும் நல்லனவே; ஆனால் அவை போதா. அவர்கள் விளைவித்த சாமைக்கும் சேர்த்த தேனுக்கும் பேரம் பேசாமல் விலை கொடுப்பது, அவர்களையே வழிகாட்டியாக அழைத்துச் செல்வது, அவர்களுடைய நில உரிமைக்கான குரல் எழும்போது நம் குரலையும் சேர்ப்பது ஆகியவை நம்மால் இயன்றவை. இவற்றைச் செய்தால் அந்த அமைதியான இரவுக்கு உரிய விலையைக் கொடுத்தவர்களாவோம்.

மறுநாள் காலை விடுதியின் வருகைப் பதிவேட்டில் நாமும் எழுதினோம். ஏரியின் அழகு, குளிர்காற்று, விண்மீன்கள் என எல்லாவற்றையும் பாராட்டினோம். முன்பக்கங்களைப் புரட்டியபோது மற்றவர்களும் அவ்வாறே எழுதியிருக்கக் கண்டோம். மலையிறங்கும் பேருந்தில் அமர்ந்த பிறகே ஒன்று உறைத்தது. இரவெல்லாம் நமக்குக் காவலிருந்து, மகனைப் பற்றிய துயரத்தையும் நம்மிடம் பகிர்ந்துகொண்ட அம்முதியவரின் பெயரை நாம் கேட்கவேயில்லை.